கிறவுண் வீலும் பினியனும்: நாமே கழற்றுவதா, கொடுத்துச் செய்விப்பதா?

வெள்ளவத்தையில் ஓடும் வானின் டிஃபரன்ஷல் கெட்டுக்கொண்டு வருவது வெள்ளவத்தையில் தெரியவராது. பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை காலி வீதியில் பஸ் ஹோர்ன்களுக்கு நடுவே ஊர்ந்து போகிறவருக்குப் பின் அச்சின் மெல்லிய ஊளை எப்படிக் கேட்கும்? ஒரு நாள் கொட்டாவையில் தெற்கு அதிவேக வீதியில் ஏறி எண்பதைத் தொடும்போதுதான் 'ஊ…' என்று பின்னாலிருந்து ஒன்று கூடவே வரும். அக்சலேற்றரை விட்டால் அது மாறும், மிதித்தால் திரும்பவும் வரும். அன்று மாலையே வீட்டில் பேச்சுத் தொடங்கிவிடும். மருமகன் வீடியோ பார்த்து நாமே செய்யலாம் என்பார். மாமனாரோ கொட்டாஞ்சேனையில் தனக்குத் தெரிந்த பாஸ் ஒருவர் இருக்கிறார் என்பார்.

இந்தப் பேச்சு அண்மைய ஆண்டுகளில் கொழும்பில் கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு மேலே போனது. புதிய வண்டி இருக்கவில்லை, பழைய வண்டிக்கோ கண்டறியாத விலை இருந்தது. வழமையாக இந்த வயதில் விற்றுத் தள்ளியிருக்க வேண்டிய டொல்பின் வான்களும் ஹைலக்ஸ்களும் கன்டர், எல்ஃப் லொறிகளும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய பின் அச்சில் பெயாரிங் தேய்வதில் வியப்பில்லை.

இலங்கைக்கு இது புதிதும் அல்ல. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தபோது, லேத் பட்டறைகள்தான் மொறிஸ் மைனர்களையும் ஒஸ்டின்களையும் உயிரோடு வைத்திருந்தன. அந்தக் கைத்திறன் வீண்போகவில்லை. 1990களில் மொறிஸ் மைனருக்கான பாகங்களை இங்கே செய்து பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்த தொழிற்சாலை ஒன்றும் இருந்தது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், ஒஸ்டின் ஏ40 சோமர்செட்டுகளும் கேம்பிரிட்ஜ்களும் துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் வராத ஊரில் ஒவ்வொரு கார்க்காரரும் அரை மெக்கானிக். அவர்களில் பலர் பின்னர் வெள்ளவத்தைக்கு வந்து குடியேறினார்கள். 'நாமே செய்தால் என்ன?' என்ற கேள்வியை அங்கே வீம்பு என்று ஒதுக்கிவிட முடியாததற்கு அந்த அனுபவமும் காரணம்.

ஆனால் கார்புரேற்றரைக் கழற்றிக் கழுவிப் பூட்டிய கைக்கு டிஃபரன்ஷலும் எளிது என்று நினைப்பது பிழை. இங்கே பிரச்சினை கழற்றிப் பூட்டுவதில் இல்லை, அளப்பதில் இருக்கிறது. சொந்தமாகச் செய்யலாமா, கொடுத்துச் செய்விக்கலாமா என்று விவாதிக்கும் பலர் இதை விட்டுவிட்டுத் துணிச்சலையும் காசையும் பற்றியே பேசுகிறார்கள்.

முதலில் யாருக்கு இந்தக் கேள்வியே எழாது என்று பார்ப்போம். அல்டோ, வகன் ஆர், விட்ஸ் போன்ற முன்சக்கரம் இழுக்கும் கார்களில் டிஃபரன்ஷல் கியர்பொக்ஸின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதில் கை வைப்பது கியர்பொக்ஸைப் பிரிப்பதற்குச் சமம். வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல. முச்சக்கர வண்டியிலும் அது எஞ்சினோடும் கியர்பொக்ஸோடும் ஒட்டிப் பின்னால் இருக்கிறது. ஓட்டோக் கராஜ்கள் அதைப் பழகிய கையால் ஒரு பகலில் முடித்துவிடும். ஆகவே கேள்வி பின் அச்சு உள்ள வான், ஜீப், பிக்கப், லொறி, பழைய கார் ஆகியவற்றுக்கே உரியது.

பின் அச்சின் நடுவிலுள்ள அந்தப் பூசணி வடிவக் கூட்டுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. புரொப்பலர் ஷாஃப்ட்டில் நீளவாக்கில் வரும் சுழற்சியை, சிறிய பினியன் பெரிய கிறவுண் வீலோடு சேர்ந்து பக்கவாட்டுக்குத் திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்புகிறது. அதோடு, வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூடத் தூரம் ஓட வேண்டியிருப்பதால், உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள் அந்த இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிடுகின்றன. இந்த இரண்டாவது உத்திக்கு 1828இலேயே பிரெஞ்சுக்காரரான ஒனெசிஃபோர் பெக்கூர் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்றுவிட்டார். வீட்டு மெக்கானிக்குக் கஷ்டம் கொடுப்பது அதுவல்ல, முதலாவது வேலைதான். 1920களின் நடுவில் அமெரிக்காவின் பக்கார்ட் கார்களில் வந்து பின்னர் எங்கும் பரவிய ஹைபொயிட் பற்களில், பினியன் கிறவுண் வீலின் நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கும். அதனால் காரின் தரை தாழ்ந்தது, சத்தமும் குறைந்தது. ஆனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு சறுக்கவும் தொடங்கின. பினியன் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் பல் பல்லைத் தொடும் இடம் மாறிவிடும். இந்தச் சறுக்கலைத் தாங்கத்தான் கந்தக வாசனை அடிக்கும் ஜிஎல்-5 தர ஒயில் வேண்டும். சாதாரண எஞ்சின் ஒயிலை ஊற்றி ஓடிய அச்சுகளைத் திறந்து பார்த்தால், பற்களில் சுரண்டிய வடுவே சாட்சி சொல்லும்.

வேலையைத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். ஒயிலை வடித்து, இரண்டு பக்க அக்ஸில் ஷாஃப்ட்டையும் இழுத்து, புரொப்பலரைக் கழற்றினால், ஹைலக்ஸ், ஹைஏஸ், பழைய லான்ட்ரோவர், மொறிஸ் மைனர் போன்றவற்றில் முழுக் கூடும் முன்பக்கமாக வெளியே வந்துவிடும். பெரிய கூடு என்றால் முப்பது கிலோவுக்கு மேல் நிறை. இதுவரை தேவைப்படுவது ஸ்பேனரும் உறுதியான ஸ்டான்டும் இரண்டு பேரும்தான். (ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே படுப்பவருக்கு எந்தக் கட்டுரையும் உதவாது.) இனித்தான் கஷ்டம். கிறவுண் வீலைத் தாங்கும் இரண்டு பெயாரிங் கப்களும் கூட்டோடு சேர்த்தே கடையப்பட்டவை. இடது வலது மாறக் கூடாது என்பதால் கழற்ற முன்பே குறியிட வேண்டும். கிறவுண் வீலும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட சோடி. ஒன்றில் பல் உடைந்தால் மற்றதையும் மாற்றியே ஆக வேண்டும். பினியன் பெயாரிங்கைப் பிறஸ் போட்டு இறக்கினால் அடியில் ஒரு ஷிம் இருக்கும். பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை அந்த மெல்லிய வளையந்தான் தீர்மானிக்கிறது. பெயாரிங்கை மாற்றும்போது அந்த ஆழமும் மாறக்கூடும். திரும்பவும் பூட்டி, பார்த்து, கழற்றி, வேறு ஷிம் போட்டு, இன்னும் ஒருமுறை பூட்ட வேண்டும். பெரிய மெக்கானிக்குக்கும் இது ஒரே தரத்தில் அமைவது அரிது.

அடுத்தது நசுங்கும் ஸ்பேசர். வான்களிலும் பிக்கப்களிலும் பினியனின் இரண்டு பெயாரிங்குகளுக்கு நடுவே ஒரு மெல்லிய குழாய் இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கும், பெயாரிங்கின் இறுக்கம் கூடும். வேண்டிய அளவைத் தாண்டி அரைக்கால் சுற்று இறுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. நசுங்கியது நசுங்கியதுதான். புதிய ஸ்பேசர் வாங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சொந்தமாகச் செய்ய இறங்குகிறவர்கள் பொறுமை இழக்கும் இடம் இதுதான், 'கொஞ்சம் இறுக்கம், பரவாயில்லை' என்று விட்டுவிடுவதும் இங்கேதான். அந்தப் பெயாரிங் சூடேறிச் சில ஆயிரம் கிலோமீற்றரில் திரும்பவும் ஊளையிடும். பெரிய லொறிகளில் பெரும்பாலும் நசுங்காத ஸ்பேசரும் ஷிம்களும் இருப்பதால் இந்த ஆபத்துக் குறைவு. ஆனால் அங்கே நிறையே வேறு பிரச்சினை.

அந்த இறுக்கத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பது முழு உண்மை அல்ல. பழைய பட்டறைகளில் பினியன் ஃபிளான்ஜைச் சுற்றி நூல் கட்டி, தொங்கு தராசால் சீராக இழுப்பார்கள். ஆரை ஐந்து சென்ரிமீற்றர், தராசு மூன்று கிலோ காட்டினால் இறுக்கம் பதினைந்து கிலோ சென்ரிமீற்றர். பல சிறு வாகனங்களுக்குப் புதிய பெயாரிங்குடன் 10 முதல் 19 வரையான எல்லைக்குள் இது வரும். பழைய பெயாரிங்கையே திரும்பப் போட்டால் ஏறத்தாழ அதில் பாதி. எந்த வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கைநூலில்தான் பார்க்க வேண்டும், கேள்விப்பட்டதை வைத்துச் செய்யக் கூடாது. ஆனால் பல்லிடைவெளிக்குத் தராசு போதாது. ரொயோட்டா சிறு பிக்கப்களுக்கு அது 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர் வரை, ஏறக்குறைய இரண்டு தலைமயிரின் தடிப்பு. அதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்லும் பாஸ்மார் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சிலவேளை சரியாகவும் இருக்கும். இருந்தாலும் காந்த அடியுடன் ஒரு டயல் கேஜ் வைத்துக் கிறவுண் வீலின் நாலு இடத்திலாவது அளந்து காட்டுபவரை நம்புவதே புத்தி. கடைசியில் பல்லில் செந்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசிச் சுற்றினால், தொடும் இடம் பளிச்சென்று தெரியும். அது பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனிக்கோ அடிக்கோ ஓடினால் மீண்டும் ஷிம்.

இவ்வளவையும் செய்ய ஒரு மேசை, பிறஸ், நல்ல வெளிச்சம், அவசரப்படாத இரண்டு நாட்கள் வேண்டும். வெள்ளவத்தையில் அவை எங்கே? ஹம்டன் லேனிலோ றாமகிருஷ்ணா வீதியிலோ தொடர்மாடிக் குடியிருப்பில் வாகனம் நிற்பது அடித்தளத்தில், இரண்டு தூணுக்கு நடுவே. கதவை முழுதாகத் திறந்து இறங்கவே இடமில்லாத இடத்தில் பின் அச்சைத் திறந்து ஒயிலைக் கொட்டினால், முகாமைக் குழுவின் கடிதம் அன்றிரவே கதவுக்குக் கீழே வரும். வடித்த ஒயிலைக் கானில் ஊற்றுவதோ அதைவிடக் கேடு. அது கால்வாய் வழியே கடலுக்குப் போகும். கொட்டாஞ்சேனையில் நிலைமை வேறு. துறைமுகத்தை அண்டிய பகுதி என்பதால் லொறிக்காரர்களுக்கு அங்கே குறைவில்லை. புளூமெண்டால் பக்கமும் ஆமர் வீதிப் பக்கமும் சிறு கராஜ்களும் லேத் கடைகளும் நடந்து போகும் தூரத்தில். வாகனத்தை ஓரமாக விட்டுக் கூட்டைக் கழற்றிக் கைவண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஒரே நகரத்தில் இரு தமிழ்க் குடியிருப்புகளில் இதே கேள்விக்கு இரண்டு விடை வருவதற்கு இடவசதியே காரணம்.

கொழும்பில் மூன்றாவது வழியும் உண்டு, அதன் பெயர் பஞ்சிகாவத்தை. மருதானையை ஒட்டிய அந்தத் தெருக்களில் ஜப்பானில் வெட்டிப் பிரித்து வந்த வாகனங்களின் அச்சுகளும் டிஃப் கூடுகளும் கடைவாசல் வரை அடுக்கியிருக்கும். தேய்ந்ததைப் பிரித்துப் பழுதுபார்ப்பதற்குப் பதில், பாவித்த முழுக் கூட்டையும் வாங்கி மாற்றிவிடலாம். அளவும் ஷிம்மும் வேண்டாம், ஜப்பானியத் தொழிற்சாலை பொருத்திய பொருத்தமே கிடைக்கிறது. நேரமில்லாத வான்காரருக்கு இது பலமுறை நல்ல வழி. ஆனால் மூன்றைக் கவனிக்க வேண்டும். பற்களைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஒயில் பாலைப்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்த அச்சு அது. சூடான அச்சு வெள்ளத்தில் இறங்கிச் சட்டென ஆறும்போது காற்றுத் துவாரத்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும். 2016 மே மாத வெள்ளத்தில் களனிக் கரையோரத்தில் மூழ்கிய வாகனங்கள் எத்தனை என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, பல் விகிதம் ஒத்திருக்க வேண்டும். 41க்குப் 10 பல் என்றால் விகிதம் 4.1, 43க்குப் 11 என்றால் 3.909. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒரே கூடுதான். இருசக்கர இழுப்பு வானில் மாறிப் போட்டாலும் ஓடும், வேகமானி மட்டும் பொய் சொல்லும். நாலுசக்கர இழுப்பு ஜீப்பில் முன் அச்சு ஒரு விகிதத்திலும் பின் அச்சு இன்னொன்றிலும் இருந்தால், ஏறத்தாழ ஐந்து வீத வித்தியாசத்தில் இரண்டும் மல்லுக்கட்டி ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸை முறித்துவிடும். சொந்த வண்டியின் விகிதத்தைக் கழற்றாமலே அறியலாம். பின்பக்கத்தைத் தூக்கி, ஒரு சக்கரத்தை அசையாமல் வைத்து, மற்றதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, புரொப்பலர் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணினால் போதும். சாதாரண டிஃபுக்கு அந்த எண்தான் விகிதம்.

புதிய பெயாரிங் வாங்குகிறவருக்குப் பஞ்சிகாவத்தை ஒரு பரீட்சை. கொயோ, என்எஸ்கே, என்ரிஎன் என்று அச்சடித்த பெட்டிகளுக்குள் வேறு எங்கோ செய்த உருளைகள் இருப்பது உலகம் முழுவதும் உள்ள மோசடி, கொழும்பு விதிவிலக்கல்ல. விலை மிகக் குறைவாகவும் பெட்டி மிகப் பளபளப்பாகவும் இருந்தால் விட்டுவிடுங்கள். பாகத்தைச் சொந்தமாக வாங்கிக் கொடுத்தால் அதன் தரத்துக்கு மெக்கானிக் பொறுப்பேற்க மாட்டார் என்பதும் நியாயமே. சத்தம் திரும்பி வந்தால் 'நீங்க தந்த சாமான்தானே' என்பார். ஆகவே விற்பவரும் பூட்டுபவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் ஏற்பாடு கிடைத்தால், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அது இலாபம்.

இனி 'நிபுணரிடம் கொடுப்பது' என்ற பக்கம். நிபுணர் என்று ஒருவர் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டுதான் எல்லோரும் பேசுகிறோம். கம்பனி முகவரின் பட்டறைக்குக் கைநூலும் கருவியும் இருக்கும். ஆனால் பழைய வாகனத்துக்குப் புத்தம் புதிய முழுச் சோடியையே சிபாரிசு செய்யும், பட்டியலைப் பார்த்தால் வாகனத்தின் பெறுமதியையே யோசிக்கத் தோன்றும். தெருக்கோடி கராஜ் எல்லாம் செய்யும், டிஃபும் செய்யும். அங்கே பெரும்பாலும் நடப்பது, பெயாரிங்கை மாற்றி, பழைய ஷிம்மையே போட்டு, 'சரி, ஓடுங்க' என்பது. அதிர்ஷ்டம் இருந்தால் சரியாக அமையும். இரண்டுக்கும் இடையில் கியர்பொக்ஸும் டிஃபும் மட்டுமே செய்யும் பாஸ்மார் சிலர் இருக்கிறார்கள். பலர் இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போக்களிலோ மொறட்டுவை ஜேர்மன் டெக்கிலோ பழகியவர்கள், அல்லது அப்படிப் பழகியவரிடம் கைப்பழக்கம் பெற்றவர்கள். உண்மையில் தேட வேண்டியது அவர்களைத்தான். இப்போது அது முன்னைவிடக் கடினம். நெருக்கடி ஆண்டான 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள், போனவர்களில் இத்தகைய கைகளும் உண்டு. பழகிய மெக்கானிக்குக்கு என்விகியூ எனப்படும் தேசிய தொழில்தகைமைச் சான்றிதழ் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் நல்லது, ஆனால் அதைவிடப் பயனுள்ளது மூன்று கேள்வி. பிரிக்க முன் பல்லிடைவெளியை அளந்து எழுதுவீர்களா? புதிய ஸ்பேசர் போடுவீர்களா? பூட்டி முடிந்தபின் செந்தூள் அடையாளத்தை எனக்குக் காட்டுவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம். மூன்றாவதைக் கேட்டுச் சிரிப்பவரிடம் டயர் பஞ்சர் ஒட்டலாம். பற்றுச்சீட்டையும் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போக நேர்ந்தால் அதுவே கையிலிருக்கும் ஒரே சான்று.

டிஃபுக்கு முன்னால் வேறு சந்தேக நபர்களும் உண்டு. இந்தச் சோதனையைச் சொந்தக்காரர் தானே செய்ய வேண்டும், செய்யவும் முடியும். ஒரே பக்கம் தேய்ந்த டயர் டிஃபைப்போலவே ஊளையிடும். டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் சத்தமும் இடம் மாறும். வளைவில் மட்டும் உறுமல் கூடினால் சக்கரப் பெயாரிங். வண்டி எடுக்கும்போது 'டங்' என்று ஒரு தட்டல் என்றால் புரொப்பலரின் கிறாஸ். மிதிக்கும்போது ஒரு சத்தம், விடும்போது வேறொரு சத்தம், குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் என்றால்தான் கிறவுண் பினியனைச் சந்தேகிக்க வேண்டும். ஒயில் அடைப்பானில் இருக்கும் காந்தத்தையும் பாருங்கள். சாம்பல் நிறப் பசை வயதின் அடையாளம், கையில் உறுத்தும் செதில் என்றால் பல் உடைகிறது. சீல் ஒழுகல், ஒயில் மாற்றுதல், காற்றுத் துவார அடைப்பு எல்லாம் வீட்டு வேலைகள். இவற்றைச் செய்யாமல் விட்டதனால்தான் பல டிஃப்கள் கராஜுக்கே போகின்றன. ஒன்று கவனம்: பினியன் சீலை மாற்ற அந்த நட்டைக் கழற்ற வேண்டும், ஸ்பேசர் விஷயம் அங்கேயும் வந்துவிடும். கழற்ற முன் நட்டின் இடத்தைக் குறியிடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், கொழும்பில் வேலையைப் பிரித்துக்கொள்வதே பொருந்தும் என்பது என் முடிவு. சத்தத்தைக் கண்டுபிடிப்பது, ஒயிலைப் பார்ப்பது, பாகத்தைத் தெரிந்து வாங்குவது சொந்தக்காரர் பொறுப்பு. இடமும் துணையும் இருந்தால் கூட்டைக் கழற்றுவதையும் பூட்டுவதையும் செய்யலாம், கூலியில் கணிசமான பகுதி அதில்தான் இருக்கிறது. கூட்டைத் திறந்து அளப்பதை மட்டும் அதையே தொழிலாகச் செய்பவரிடம் விடுங்கள். அன்றாடக் கூலிக்கு ஓடும் லொறிக்காரருக்கு இதுவும் பொருந்தாது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு நட்டம், ஆகவே பஞ்சிகாவத்தையின் நல்ல கூடு ஒன்றை மாற்றிவிட்டுப் பழையதை ஆறுதலாகச் செய்வித்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். மொறிஸ் மைனரை ஆசைக்காக வைத்திருப்பவருக்கு மட்டும் வேறு சொல்வேன். அவசரம் இல்லை, கூடு சிறியது, வாகனம் வீட்டில் நின்றாலும் சோறு நிற்காது. டயல் கேஜ் ஒன்று வாங்கி, கைநூலை வைத்துத் தொடங்கட்டும். முதல் முறை பிழைத்தால் நட்டம் பெயாரிங்கோடு நிற்கும்.

யார் செய்தாலும் புதிதாகப் பொருத்திய பற்கள் முதல் ஓட்டத்தில் சூடேறும். முதல் நாளே அதிவேக வீதிக்குப் போகாமல், பாரம் ஏற்றாமல், கொஞ்ச தூரம் ஓடி நிறுத்தி ஆறவிட்டு மீண்டும் ஓட வேண்டும். கையால் தொட முடியாத சூடு வந்தால் பெயாரிங் இறுக்கம் கூடிவிட்டது என்று அர்த்தம், அப்போதே திரும்பக் கொண்டுபோக வேண்டும். எண்ணூறு கிலோமீற்றர் அளவில் ஒயிலை வடித்து, காந்தத்தைத் துடைத்து, புதிய ஒயில் ஊற்றுங்கள். அந்த ஒயிலில் மெல்லிய பசை இருந்தால் வழமை. செதில் இருந்தால் அதை ஒரு துணியில் முடிந்து, பற்றுச்சீட்டோடு, செய்தவரின் மேசையில் கொண்டுபோய் வையுங்கள்.